கரட்டுவழி மோட்டார் சைக்கிளுக்கான ரேடியேட்டர் மின்விசிறி

கரட்டுவழி மோட்டார் சைக்கிளுக்கான ரேடியேட்டர் மின்விசிறி என்பது, டர்ட் பைக் என அழைக்கப்படும் மண்வழி வண்டிகளின் நீர்க்குளிர்விப்பு அமைப்பில் ரேடியேட்டரின் ஊடாகக் காற்றைச் செலுத்துவதற்காகப் பொருத்தப்படும் சிறிய மின்விசிறி ஆகும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையில் இருந்து வரும்போது மின்விசிறி இருப்பதில்லை. எனவே செங்குத்தான பாறைச் சரிவுகளிலும் அடர்ந்த காடுகளிலும் மெதுவாக ஓட்டுபவர்கள், கணினிகளில் பயன்படும் விசிறிகளையோ சிறிய வாகன விசிறிகளையோ கொண்டு தாமே இதனை அமைத்துக் கொள்கின்றனர். இக்கட்டுரை அத்தகைய விசிறியின் தேவை, இயங்குமுறை, மின் இணைப்பு, வரம்புகள் ஆகியவற்றை விளக்குகின்றது.

பின்னணி

உள் எரி பொறியில் எரிபொருளின் ஆற்றல் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. தோராயமாகக் கூறின், அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே சக்கரத்தை இயக்கும் வேலையாகின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாகவும், மற்றொரு பகுதி உருளையின் சுவர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகின்றது. உருளைச் சுவரை அடையும் வெப்பத்தைத் தொடர்ந்து அகற்றாவிடின் பிஸ்டன் விரிவடைந்து உருளைக்குள் இறுகிக்கொள்ளும். மசகு எண்ணெய்ப் படலம் அழியும். உருளைத் தலை வளையும்.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை காற்றால் குளிர்விக்கப்பட்டன. இங்கிலாந்தின் ஸ்காட் நிறுவனம் 1908 ஆம் ஆண்டு முதலே நீர்க்குளிர்விப்பைப் பயன்படுத்தியது ஒரு விதிவிலக்காகும். மோட்டோகிராஸ் வண்டிகளில் இம்முறை பொதுவானது 1980களில் ஆகும். 1981 ஆம் ஆண்டின் யமகா ஒய்இசட்125 வண்டியில் ரேடியேட்டர் கைப்பிடியின் முன்புறம், எண்பலகைக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் வந்த வண்டிகளில் எரிபொருள் தொட்டியின் இரு புறமும் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு சிறிய ரேடியேட்டர்களை வைக்கும் முறை நிலைபெற்றது. இன்றைய கரட்டுவழி வண்டிகளிலும் பெரும்பாலும் இவ்வமைப்பே காணப்படுகின்றது.

மோட்டோகிராஸ் பந்தயம் மூடிய தடத்தில் விரைவாக ஓட்டப்படுவது. வண்டி ஓடும்போது முன்னிருந்து வரும் காற்றே ரேடியேட்டரைக் குளிர்விப்பதற்குப் போதுமானது. மின்விசிறியைச் சேர்த்தால் எடை கூடும், மின்சாரமும் தேவைப்படும். ஆகவே இவ்வண்டிகளை வடிவமைத்தோர் அதனைத் தவிர்த்தனர். ஆனால் அதே வண்டி, அல்லது அதிலிருந்து உருவான என்டியூரோ வண்டி, மலைப்பாதையில் நடக்கும் வேகத்தில் செல்லும்போது நிலைமை முற்றிலும் மாறிவிடுகின்றது. சாலையிலும் செல்லத்தக்க இருபயன் வண்டிகள் போக்குவரத்து நெரிசலில் நிற்க வேண்டியிருப்பதால், சுசுகி டிஆர்-இசட்400எஸ், ஓண்டா சிஆர்எஃப்250எல் போன்றவற்றில் மின்விசிறி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது.

மெதுவான ஓட்டத்தில் வெப்பம் மிகுவது ஏன்

ஆஸ்திரியாவின் ஐசனெர்ட்ஸ் நகரில் உள்ள இரும்புத்தாதுச் சுரங்கத்தில் 1995 ஆம் ஆண்டு முதல் நடைபெறும் எர்ட்ஸ்பெர்க் ரோடியோ பந்தயம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதில் 500 பேர் புறப்பட்டு, நான்கு மணி நேரத்திற்குள் பந்தயத்தை முடிக்க முயல்கின்றனர். கார்ல்ஸ் டைனர் எனப்படும் பகுதி பெரும் பாறைக்கற்கள் நிறைந்தது. அங்கே ஓட்டுநர் கிளட்சைப் பாதி பிடித்தபடி, பொறியை விரைவாகச் சுழலவிட்டு, வண்டியைக் கல்லுக்குக் கல் நகர்த்த வேண்டும். பொறி வெப்பத்தை மிகுதியாக உண்டாக்குகின்றது. நழுவும் கிளட்சும் எண்ணெயைச் சூடாக்குகின்றது. ஆனால் ரேடியேட்டருக்குக் காற்று ஏறத்தாழ வருவதே இல்லை.

இவ்வாறான நிலையில் குளிர்விப்பு நீர்மம் எவ்வளவு விரைவில் சூடேறும் என்பதை ஓர் எளிய கணிப்பின் மூலம் அறியலாம். கீழுள்ள எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக் கொள்ளப்பட்டவை.

- பொறி குளிர்விப்பு நீர்மத்திற்கு அளிக்கும் வெப்பம்: 3 கிலோவாட்
- காற்றோட்டமின்றி ரேடியேட்டர் தானாக இழக்கும் வெப்பம்: 1 கிலோவாட்
- எஞ்சி நிற்கும் வெப்பம்: 2 கிலோவாட்
- நீர்மம்: 1.2 கிலோகிராம், இதன் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 4 கிலோயூல் தேவை
- பொறியின் அலுமினியப் பகுதி: 10 கிலோகிராம்; இதற்கு ஏறத்தாழ 9 கிலோயூல் தேவை

இவ்விரண்டையும் கூட்டினால் ஒரு பாகைக்கு 13 கிலோயூல் ஆகும். நொடிக்கு 2 கிலோயூல் வீதம் வெப்பம் சேர்ந்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 9 பாகை உயரும். 85 பாகையில் இருக்கும் நீர்மம் 120 பாகையை அடைய நான்கு நிமிடங்கள் போதும். ஒரு நீண்ட ஏற்றத்தில் சிக்கிக்கொண்டவருக்கு நான்கு நிமிடம் என்பது மிகக் குறுகிய நேரமாகும்.

அழுத்தமும் கொதிநிலையும்

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடி அன்று. அது ஓர் அழுத்தத் தடுக்கிதழ் ஆகும். கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கின்றது. மூடியில் 1.1 பார் அழுத்தம் கூடுதலாக இருந்தால் கொதிநிலை ஏறத்தாழ 122 பாகையாக உயரும். 1.8 பார் மூடி இருந்தால் ஏறத்தாழ 131 பாகை ஆகும். எத்திலீன் கிளைக்கால் அல்லது புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர்மத்தின் கொதிநிலை நீரைவிடச் சில பாகைகள் கூடுதலாக இருக்கும்.

அழுத்தம் மூடியின் அளவைக் கடந்தவுடன் தடுக்கிதழ் திறந்து, நீராவியும் நீர்மமும் வெளியேறுகின்றன. மோட்டோகிராஸ் வண்டிகள் பலவற்றில் சேமிப்புக் குப்பி இல்லாததால் வெளியேறிய நீர்மம் மண்ணில் விழுந்து வீணாகின்றது. வண்டி பின்னர் குளிர்ந்தாலும் அந்த நீர்மம் திரும்பி வருவதில்லை. எனவே அடுத்த முறை இன்னும் விரைவில் கொதிக்கும். மனித நடமாட்டமற்ற காட்டில் குடிக்க வைத்திருந்த நீரை ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய நிலை இவ்வாறுதான் ஏற்படுகின்றது. மின்விசிறியின் உண்மையான பயன், இந்த முதல் இழப்பைத் தடுப்பதே ஆகும்.

விசிறி செய்யும் வேலை

விசிறி எடுத்துச் செல்லும் வெப்பம் மூன்று காரணிகளைப் பொறுத்தது: ஒரு நொடியில் செல்லும் காற்றின் நிறை, காற்றின் வெப்பக் கொள்ளளவு, காற்று நுழையும்போதும் வெளியேறும்போதும் உள்ள வெப்பநிலை வேறுபாடு.

80 மில்லிமீட்டர் அளவுள்ள கணினி விசிறி ஒன்று, எதிரே தடையேதும் இல்லாதபோது மணிக்கு ஏறத்தாழ 60 கன மீட்டர் காற்றைத் தள்ளக் கூடியது. ஆனால் ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளின் ஊடே அது பாதிக்கும் குறைவாகவே செல்லும். நொடிக்கு 7 லிட்டர் எனக் கொண்டு, காற்று 35 பாகையில் நுழைந்து 85 பாகையில் வெளியேறுவதாகக் கருதினால், ஒரு விசிறி ஏறத்தாழ 0.4 கிலோவாட் வெப்பத்தை அகற்றும். இரண்டு விசிறிகள் 0.8 கிலோவாட். மேற்கூறிய எடுத்துக்காட்டில் எஞ்சும் வெப்பம் 2 கிலோவாட்டிலிருந்து 1.2 கிலோவாட்டாகக் குறையும். நான்கு நிமிடம் ஆறு நிமிடத்திற்கும் சற்றுக் கூடுதலாக நீளும். ஆகவே இரண்டு கணினி விசிறிகள் கடினமான ஏற்றத்தில் கொதிப்பைத் தள்ளிப் போடுகின்றனவே தவிர முற்றிலும் நிறுத்துவதில்லை.

ஆனால் வண்டி நின்று பொறி வெறுமனே ஓடும்போது உண்டாகும் வெப்பம் குறைவு. அது 1.5 கிலோவாட் எனில், ரேடியேட்டர் தானாக இழக்கும் 1 கிலோவாட்டும் விசிறிகளின் 0.8 கிலோவாட்டும் சேர்ந்து அதனை ஈடுசெய்துவிடும். முன்னே செல்பவர் பாதையை விடும்வரை காத்திருக்கும் வேளைகளில் சிறிய விசிறிகளும் முழுமையான பலன் தருவது இதனாலாகும்.

வாகனங்களுக்கெனச் செய்யப்படும் சிறிய விசிறி நொடிக்கு 40 லிட்டர் காற்றை உண்மையிலேயே ரேடியேட்டரின் ஊடே இழுக்குமானால், அதனால் ஏறத்தாழ 2 கிலோவாட் வெப்பத்தை அகற்ற இயலும். எனினும் அதற்குத் தேவையான மின்திறனும் பன்மடங்கு கூடுதலாகும்.

விசிறியைத் தெரிவு செய்தல்

விசிறியைத் தெரிவு செய்யும்போது காற்றோட்ட அளவை மட்டும் நோக்குவது பொதுவாகக் காணப்படும் தவறு. அவ்வளவு தடையற்ற வெளியில் அளக்கப்பட்டதாகும். தகடுகளின் தடையை எதிர்த்துக் காற்றை இழுக்கும் ஆற்றலை நிலை அழுத்தம் என்னும் அளவே காட்டும். ஒரே விட்டமுள்ள இரு விசிறிகளில் நிலை அழுத்தம் கூடியதே ரேடியேட்டருக்கு ஏற்றது. கவனிக்க வேண்டிய பிற பண்புகள் வருமாறு:

- தாங்கி: குண்டுத்தாங்கி கொண்ட விசிறி வெப்பத்தையும் அதிர்வையும் கூடுதலாகத் தாங்கும். மலிவான கணினி விசிறிகளில் உள்ள உறைத்தாங்கியின் மசகு, ரேடியேட்டரின் சூட்டில் விரைவில் உலர்ந்துவிடும்.
- நீர், தூசுக் காப்பு: ஐபி 55 அல்லது அதனினும் உயர்ந்த காப்புத் தரம் உள்ள விசிறி ஓடையைக் கடக்கும்போதும் வண்டியைக் கழுவும்போதும் பழுதடைவது அரிது. கணினிப் பெட்டிக்கான சாதாரண விசிறிகளுக்கு இக்காப்பு இருப்பதில்லை.
- தடிப்பு: ரேடியேட்டருக்கும் சட்டகத்திற்கும் இடையே உள்ள இடைவெளி குறுகியது. 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள விசிறி பல வண்டிகளில் நுழையும்; 38 மில்லிமீட்டர் விசிறி நுழைவதற்கு முன் அளந்து பார்த்தல் வேண்டும்.

பொருத்தும் முறை

விசிறி பெரும்பாலும் ரேடியேட்டரின் பின்புறம், காற்றை முன்னிருந்து பின்னோக்கி இழுக்கும் வகையில் பொருத்தப்படுகின்றது. முன்புறம் வைத்தால் முன்சக்கரம் எறியும் சேறும் கல்லும் நேராக அதன்மீது விழும். விசிறியின் உடலில் காற்று செல்லும் திசை அம்புக்குறியால் காட்டப்பட்டிருக்கும். திசை தவறினால் விசிறி வண்டியின் இயல்பான காற்றோட்டத்தை எதிர்த்துத் தள்ளி, பயனுக்கு மாறாகத் தீங்கு விளைவிக்கும்.

விசிறியின் வட்டம் ரேடியேட்டரின் முகப்பை முழுமையாக மூடாது. அதனை நேரடியாகத் தகடுகளின் மேல் வைத்தால் அந்த வட்டத்திற்குள் உள்ள பகுதி மட்டுமே குளிரும். மெல்லிய அலுமினியத் தகட்டை மடித்து, ரேடியேட்டரின் பின்புறத்தைத் தழுவும் காற்றுக்கூடு ஒன்றைச் செய்து, அதன் நடுவில் விசிறியைப் பதித்தால் காற்று முகப்பு முழுவதிலும் இருந்து இழுக்கப்படும். தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுதல் நன்று. காற்றுக்கூட்டின் விளிம்புகளில் ரப்பர் அல்லது நுரைப் பட்டையை ஒட்டினால் இடுக்குகளின் வழியே காற்று ஒழுகுவது தடுக்கப்படும்.

காற்றுக்கூட்டுக்கு ஒரு குறையும் உண்டு. வண்டி விரைந்து செல்லும்போது அது முன்காற்றின் வழியை ஓரளவு அடைக்கின்றது. ஒரு ரேடியேட்டரின் முகப்பு 240 சதுர சென்டிமீட்டர் எனவும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே புகுகின்றது எனவும் கொண்டாலும், நொடிக்கு 65 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று கிடைக்கும். இது சிறிய விசிறி தருவதைப்போல் ஒன்பது மடங்குக்கும் கூடுதலாகும். எனவே இரண்டு ரேடியேட்டர்களில் ஒன்றில் மட்டும் விசிறி வைத்து, மற்றொன்றைத் திறந்தபடி விடுவது பரவலான வழக்கமாகும்.

பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளைத் தகடுகளுக்கிடையே கோத்து விசிறியைக் கட்டுவது எளிதாகத் தோன்றினும் ஆபத்தானது. அதிர்வினால் பட்டை உராய்ந்து, மெல்லிய அலுமினியக் குழாயில் துளை விழச் செய்யும். ரேடியேட்டரின் பக்கத் தாங்குகளில் உள்ள திருகாணிகளுடன் அலுமினியப் பட்டைகளை இணைத்து, இடையே ரப்பர் வளையமிட்டு விசிறியைப் பொருத்துவதே பாதுகாப்பானது. ரேடியேட்டர் ரப்பர் தாங்கிகளின் மேல் அசையக்கூடியது ஆகையால், விசிறியை ரேடியேட்டருடனேயே இணைத்தல் வேண்டும். ஒரு முனையைச் சட்டகத்துடனும் மறுமுனையை ரேடியேட்டருடனும் இணைத்தல் கூடாது.

மின்சாரம் பெறுதல்

நேர்திசை மின்னோட்டத்தில் இயங்கும் 12 வோல்ட்டு விசிறிகளே பயன்படுத்தப்படுகின்றன. கணினி விசிறி ஒன்று 0.2 முதல் 0.4 ஆம்பியர் வரை, அதாவது 5 வாட்டிற்குள் எடுத்துக் கொள்ளும். 5 ஆம்பியர் எடுக்கும் வாகன விசிறிக்கு 60 வாட் வேண்டும். இது 35 வாட் முகப்பு விளக்கைவிடக் கூடுதல் ஆகும்.

மின்கலமும் மின் தொடக்கியும் உள்ள வண்டிகளில் இணைப்பு எளிது. உதைத்து இயக்கப்படும் மோட்டோகிராஸ் வண்டிகளில் மின்கலம் இல்லை. அவற்றின் ஸ்டேட்டர் தீப்பொறிக்கு மட்டுமே மின்சாரம் உண்டாக்கும். அத்தகைய வண்டிக்கு விளக்குச் சுருள் கொண்ட ஸ்டேட்டரை மாற்ற வேண்டும், அல்லது தனியே ஒரு சிறிய மின்கலத்தை எடுத்துச் செல்ல வேண்டும். விளக்குச் சுருள் உள்ள என்டியூரோ வண்டிகளில் அச்சுருள் மாறுதிசை மின்னோட்டத்தையே தருகின்றது. விளக்கு அதில் எரியும், விசிறி எரிந்துபோகும். எனவே அலைதிருத்தியும் மின்னழுத்தச் சீராக்கியும் இணைந்த கருவி ஒன்று இடையில் தேவை. மின்கலம் இல்லாத இடத்தில் அதன் வெளியீட்டில் ஒரு பெரிய மின்தேக்கியை இணைத்தால் மின்னழுத்த ஏற்றத்தாழ்வு குறையும்.

இங்கு ஒரு முரண்பாடு கவனிக்கத் தக்கது. விசிறி மிகவும் தேவைப்படுவது பொறி மெதுவாகச் சுழலும்போது. ஆனால் ஸ்டேட்டர் மிகக் குறைவாக மின்சாரம் தருவதும் அப்போதே. ஆகவே ஸ்டேட்டரின் உச்ச வாட் அளவைக் கொண்டு விசிறியைத் தெரிவு செய்யாமல், மெதுவான சுழற்சியில் கிடைக்கும் அளவைக் கொண்டே தெரிவு செய்தல் வேண்டும். சிறிய விசிறி பலருக்குப் பொருத்தமாக அமைவது இக்காரணத்தாலேயே ஆகும்.

கட்டுப்பாடு

விசிறியை இயக்க மூன்று வழிகள் உள்ளன. பொறி ஓடும்போதெல்லாம் விசிறியை ஓடவிடுவது முதலாவது. கைப்பிடியில் உள்ள ஆளி மூலம் இயக்குவது இரண்டாவது. இதில் கடினமான இடத்தில் ஓட்டுநர் ஆளியை மறந்துவிடுவதே குறை. மூன்றாவது, வெப்ப ஆளி மூலம் தானாக இயங்கச் செய்வது.

வெப்ப ஆளியினுள் ஈருலோகத் தகடு ஒன்று உள்ளது. குறிப்பிட்ட வெப்பநிலையில் அது வளைந்து மின்சுற்றை மூடுகின்றது. 85 முதல் 95 பாகைக்குள் இயங்கத் தொடங்கி, சுமார் 10 பாகை குறைந்தபின் நிற்கும் ஆளிகள் பொதுவாகப் பயன்படுகின்றன. இவ்வேறுபாடு இல்லையெனில் விசிறி ஓயாமல் தொடங்கி நிற்கும். உருளைத் தலையிலிருந்து ரேடியேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாயை வெட்டி, இடையில் உலோக இணைப்பு ஒன்றை வைத்து, அதில் ஆளியைத் திருகுவது நம்பகமான முறை. ஆளி நீர்மத்தில் மூழ்கியிருத்தல் இன்றியமையாதது. நீர்மம் குறைந்து ஆளியைச் சுற்றிக் காற்றோ ஆவியோ நின்றால் அது உண்மையான வெப்பத்தை உடனே உணராது.

வாகன விசிறியின் மின்னோட்டம் ஆளியின் தாங்கும் அளவைக் கடக்குமெனில் ரிலே ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். எந்த அமைப்பாயினும் மின்கலத்திற்கு அருகில் மின் உருகி இருத்தல் வேண்டும். கம்பிகள் புகைபோக்கியிலிருந்து விலகியும், கைப்பிடி முழுமையாகத் திரும்பும்போது இழுபடாமலும் செல்ல வேண்டும். பொறி நின்றபின் நீரேற்றியும் நின்றுவிடுவதால், விசிறியைத் தொடர்ந்து ஓடவிடுவது உருளையைக் குளிர்விப்பதில் சிறிதளவே உதவும். சிறிய மின்கலத்தையோ விரைவில் தீர்த்துவிடும். எனவே பொறியின் ஆளியை அணைத்தவுடன் விசிறியும் நிற்குமாறு இணைப்பது நல்லது.

விசிறி தீர்க்காத சிக்கல்கள்

கொதிப்பு எல்லாவற்றிற்கும் காற்றுக் குறைவே காரணம் அன்று. விசிறியைப் பொருத்துவதற்கு முன் பின்வருவனவற்றைச் சோதித்தல் வேண்டும்:

- தகடுகளிடையே சேறு அடைத்திருத்தல் அல்லது தகடுகள் வளைந்திருத்தல்
- நீர்மத்தை நிரப்பும்போது உள்ளே காற்றுக் குமிழி தங்கியிருத்தல்
- மூடியின் ரப்பர் அல்லது சுருள்வில் தளர்ந்து, அழுத்தம் நிலைக்காதிருத்தல்
- நீரேற்றியின் விசிறித் தகடு அல்லது அடைப்பு வளையம் தேய்ந்திருத்தல்
- எரிபொருள் கலவையில் பெட்ரோல் குறைவாக இருத்தல்
- உருளைத் தலையின் அடைப்புத் தகடு கசிந்து, எரிவாயு நீர்மத்தில் கலத்தல்

கடைசியாகக் கூறிய பழுதில், விசிறி எவ்வளவு பெரிதாயினும் நீர்மம் வெளியேறிக்கொண்டே இருக்கும். விசிறி குறையை மறைத்து ஓட்டுநரை மேலும் தொலைவு செல்ல வைப்பதால், பொறி முற்றிலும் அழியும் வாய்ப்பும் உண்டு.

விசிறிக்கு மாற்றாகவோ துணையாகவோ பெரிய ரேடியேட்டர், உயர் அழுத்த மூடி, சேமிப்புக் குப்பி, நீரற்ற குளிர்விப்பு நீர்மம் ஆகியன பயன்படுகின்றன. இறுதியாகக் கூறியது சுமார் 190 பாகை வரை கொதிக்காதது. ஆனால் அது நீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமப்பதால், கொதிக்காத நிலையிலும் பொறி கூடுதல் சூட்டில் இருக்கலாம். உயர் அழுத்த மூடியும் வெப்பத்தை அகற்றுவதில்லை. கொதிநிலையை மட்டுமே உயர்த்துகின்றது.

பாதுகாப்பு

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது. அழுத்தம் திடீரென நீங்கும்போது 100 பாகைக்கு மேற்பட்ட நீர்மம் நொடியில் ஆவியாகி, முகத்திலும் கைகளிலும் கடுமையான சுடுபுண்ணை ஏற்படுத்தும். மூடியைத் தொடும் அளவுக்குக் குளிரும்வரை காத்திருத்தல் வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது, நச்சுத்தன்மை மிக்கது. சிந்திய நீர்மத்தை நாய் போன்ற விலங்குகள் நக்கி இறக்க நேரிடும் என்பதால் அதனை நிலத்தில் கொட்டாமல் கலத்தில் சேகரித்தல் வேண்டும். தானியங்கி வெப்ப ஆளி உள்ள விசிறி எந்நேரமும் சுழலத் தொடங்கலாம் ஆகையால், மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே அதனருகில் கைவைத்தல் வேண்டும்.

பொருத்தி முடித்தபின், வண்டியை வீட்டருகே நிறுத்தி, பொறியை ஓடவிட்டு, விசிறி எந்த வெப்பநிலையில் தொடங்குகின்றது, காற்று எத்திசையில் வெளியேறுகின்றது, மெதுவான சுழற்சியில் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குக் கீழ் இறங்குகின்றதா என்பவற்றைச் சரிபார்ப்பது வழக்கம். இச்சோதனையில் வெளிப்படும் குறையை வீட்டிலேயே சீர்செய்யலாம்; மலையின் நடுவே அது இயலாது.